கோவார்டினேட் கட்டம் போட்ட காந்த ஒயிட்போர்டு, 18.90 வெள்ளி: செக் ஒன் பிள்ளைங்களுக்கு உதவுதா?

சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல ஒரு ஸ்டேஷனரி கடையில வாங்கினது இந்த போர்டு. நான் வீட்டுக்கு வீடு போய் மேத்ஸ் டியூஷன் எடுக்கறேன், பெரும்பாலும் செகண்டரி ஒன்னும் டூவும், சுவா சூ காங் உட்லண்ட்ஸ் பக்கம். பெற்றோருங்க நிறைய பேரு "டீச்சர், அந்த போர்டு எங்க வாங்கினீங்க, நாங்களும் வாங்கலாமா, பாப்பாக்கு கிராஃப்னாலே பயம்"னு கேட்டுட்டே இருக்காங்க, அதனால ஒரேயடியா எழுதிடறேன், நல்லதும் சொல்றேன் குறையும் சொல்றேன்.

முதல்ல பொருள் என்னன்னு. 30 செண்டிமீட்டருக்கு 30 செண்டிமீட்டர் சதுரம், மெல்லிசான இரும்புத் தகடு, மேல ஒயிட்போர்டு பூச்சு, ஓரத்துல பிளாஸ்டிக் சட்டம். முன்பக்கம் நாலு கால்பகுதியும் (குவாட்ரண்ட், ரெண்டு அச்சும் வெட்டிப் பிரிக்கற நாலு பக்கம்) இருக்கு, படுக்கையா போற எக்ஸ் அச்சு -10லேர்ந்து 10 வரைக்கும், செங்குத்தா போற ஒய் அச்சும் அப்படியே. பின்பக்கம் முதல் கால்பகுதி மட்டும், 0லேர்ந்து 20 வரைக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல 1.3 செண்டிமீட்டர். கூடவே ரெண்டு கலர்ல வட்ட காந்தம், ஒரு கறுப்பு மார்க்கர், மூடியிலயே ஒட்டின அழிப்பான். டோட் பேக்ல போட்டு எம்ஆர்டி ரயில்ல தூக்கிட்டுப் போக கனமே தெரியல.

கடையைப் பத்தியும் சொல்லணும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் 1980ல கட்டினது, புத்தகம் எழுதுபொருள் ஓவியச் சாமான் எல்லாத்துக்கும் பழைய இடம், சீனத்துல அதை புத்தக நகரம்னே சொல்லுவாங்க. நான் போன கடையில இருந்த அங்கிள் பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சு போர்டை மேசையில வெச்சு "நல்லா பாத்துட்டு வாங்குங்க"ன்னாரு, மார்க்கர்ல கோடு போட்டு அழிச்சுக் காட்டினாரு, அவசரமே படுத்தல. இந்த மாதிரி பொருளை கையில எடுத்துப் பாத்துதான் வாங்கணும், ஏன்னா இதுல ஒரு சின்ன விஷயம் தப்பா இருந்தா போர்டே பிரயோஜனம் இல்லாமப் போயிடும்.

அந்த சின்ன விஷயம் என்னன்னா எண்ணு எங்க அச்சடிச்சிருக்குங்கறது. இந்த போர்டுல 1, 2, 3ன்னு இருக்கற எண் ஒவ்வொன்னும் கோட்டுக்கு நேரா இருக்கு. ரொம்ப சாதாரணமா தெரியும், ஆனா இதுதான் உயிர். ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்குற ஒரு போர்டு ஒரு வீட்டுல வாங்கி வெச்சிருந்தாங்க, அதுல எண்ணெல்லாம் ரெண்டு கோட்டுக்கு நடுவுல, கட்டத்துக்கு நேரா அச்சாகியிருந்துச்சு. அந்தப் பையன் (3, 5)ன்னா மூணாவது கட்டம் அஞ்சாவது கட்டம் ரெண்டும் சேர்ற பெட்டிக்குள்ள புள்ளி வெச்சான். அவன் மேல என்ன தப்பு சொல்ல முடியும், போர்டு அப்படித்தானே கத்துக்குடுக்குது! எக்செல்ல பி3ன்னா ஒரு பெட்டி. பழைய ஸ்ட்ரீட் டைரக்டரில எழுத்தும் எண்ணும் சேத்து சொன்னா அதுவும் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ள எங்கயோ நம்ம தெரு இருக்கும், தேடிக்கணும். சதுரங்கத்துல இ4ன்னாலும் பெட்டிதான். கோவார்டினேட் அப்படி இல்ல, (3, 5)ங்கறது ரெண்டு கோடு வெட்டிக்கற ஒரே ஒரு இடம், அதுக்கு நீளம் அகலம் கிடையாது. இந்த வித்தியாசம் புரியாத பிள்ளைக்கு 3.5ஐ எங்க வைக்கறதுன்னே தெரியாது, ஏன்னா அவன் மனசுல 3ங்கறது ஒரு பெட்டி, 4ங்கறது அடுத்த பெட்டி, நடுவுல இடமே இல்ல. எந்த போர்டு வாங்கினாலும் சரி, முதல்ல எண்ணு கோட்டுக்கு நேரா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்காதீங்க, இலவசமா குடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது வரிசை. எக்ஸ் முதல்ல, ஒய் அப்புறம். இதை எந்தப் பிள்ளையும் ஒப்பிச்சுடும், ஆனா கை மாத்திப் போடும், (2, 7)ன்னா மேல 2, பக்கத்துல 7ன்னு போயிடும். இங்க வளர்ற பிள்ளைங்களுக்கு இது ஏன் இவ்ளோ வருதுன்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நம்ம வீவக அடுக்குமாடி வீட்டு விலாசத்தைப் பாருங்க, #08-112ன்னா முதல்ல மாடி, அப்புறம்தான் வீட்டு எண். உயரம் முதல்ல வருது. சினிமா டிக்கெட்லயும் வரிசை முதல்ல, சீட்டு அப்புறம். ஃபோன்ல மேப்பைத் திறந்து சிங்கப்பூர் எங்க இருக்குன்னு எண்ணுல பாத்தா 1.35, 103.82ன்னு வரும், அதுலயும் வடக்கு முதல்ல, கிழக்கு அப்புறம். பிறந்ததுலேர்ந்து மேல-அப்புறம்-பக்கம்னு பாத்த பிள்ளைக்கு செக் ஒன்ல வந்து பக்கம்-அப்புறம்-மேலன்னு சொன்னா குழப்பம் வரத்தானே செய்யும். நேஷனல் சர்வீஸ் போயிட்டு வந்த அண்ணன் வீட்டுல இருந்தா அவர்கிட்ட கேக்கச் சொல்லுங்க, ராணுவ வரைபடத்துல கிரிட் ரெஃபரன்ஸ் சொல்லும்போது கிழக்கு முதல்ல, வடக்கு அப்புறம், அது நம்ம கணக்கு வரிசையேதான்.

நான் சொல்லிக்குடுக்கற வழி இது: விலாசம் எப்படி எழுதியிருந்தாலும் வீட்டுக்கு எப்படிப் போவ? முதல்ல வாய்ட் டெக்ல, அதாவது புளோக்குக்குக் கீழ இருக்கற திறந்த தரைத்தளத்துல, லிஃப்ட் வரைக்கும் நடப்ப, அப்புறம்தான் மேல ஏறுவ. புள்ளிக்கும் அதேதான், நட, ஏறு. போர்டு இங்கதான் காகிதத்தை விட நல்லா வேலை செய்யுது, ஏன்னா காந்தத்தை ஆதிப்புள்ளியில, அதாவது (0, 0)ல, வெச்சு விரலால தள்ளிக்கிட்டே போகலாம், எக்ஸ் அச்சு மேலயே நகத்தி 2ல நிறுத்தி அங்கேர்ந்து நேரா மேல 7 வரைக்கும். காகிதத்துல பென்சில் நேரா குதிச்சு கடைசி இடத்துலதான் இறங்கும், பிள்ளை எந்த வழியா போச்சுன்னு நமக்குத் தெரியாது, தப்பானா எங்க தப்பாச்சுன்னும் தெரியாது. போர்டுல வழி கண்ணுக்கு முன்னாடி நடக்குது. பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவோ அப்பாவோ கணக்கு மறந்தவங்களா இருந்தாலும் பாத்து சொல்லிடலாம், "கண்ணா, நீ முதல்லயே ஏறிட்ட பாரு"ன்னு.

இன்னொன்னு இங்க பாடத்திட்டம் சம்பந்தப்பட்டது. தொடக்கப்பள்ளியில லைன் கிராஃப் பாத்திருப்பாங்க, ஆனா அதுல எல்லாமே நேர் எண், ஒரே மூலை. எதிர்மறை எண்ணே செக் ஒன்லதான் முறையா வருது, அதே வருஷத்துலயே நாலு கால்பகுதியும் வந்துடுது. -3ங்கறது என்னன்னு இன்னும் மனசுல உக்காரலை, அதுக்குள்ள (-3, -5) எங்கன்னு கேக்கறோம். பெரியவங்களுக்கே இது லேசுல வரலை பாருங்க, 1637ல டெகார்ட் இந்த முறையை எழுதினப்போ இப்ப நம்ம போடற மாதிரி நாலு பக்கமும் விரிஞ்ச அச்சு எல்லாம் போடலை, எதிர்மறைப் பக்கத்தை அவர் சரியாவே தொடலை, பின்னாடி வந்தவங்கதான் அதை முழுசாக்கினாங்க. அதனால பிள்ளை ஒரு வாரம் தடுமாறினா திட்டாதீங்க, அது முட்டாள்தனம் இல்ல.

போர்டுல கால்பகுதிக்கு எண்ணோ குறியோ எதுவும் அச்சடிக்கலை. எனக்கு அது பிடிச்சிருக்கு. மேல வலதுபக்கம் ஒன்னு, அங்கேர்ந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில ரெண்டு மூணு நாலுன்னு பிள்ளையையே எழுதச் சொல்லுவேன், கூட்டல் கழித்தல் குறியையும் அவங்களே போடுவாங்க, ஒன்னுல ரெண்டும் கூட்டல், ரெண்டுல எக்ஸ் மட்டும் கழித்தல், மூணுல ரெண்டும் கழித்தல், நாலுல ஒய் மட்டும் கழித்தல். அப்புறம் (0, 4) எந்தக் கால்பகுதின்னு கேளுங்க. பாதிப் பேரு ஒன்னுன்னுவாங்க, மீதிப் பேரு ரெண்டுன்னுவாங்க. எதுவும் இல்ல, அது ஒய் அச்சு மேலயே இருக்கு, அச்சு மேல இருக்கற புள்ளி எந்தக் கால்பகுதியிலயும் சேராது. (0, 4)க்கும் (4, 0)க்கும் மாறி மாறி காந்தத்தை வெக்கச் சொல்லி ரெண்டு நிமிஷம் விளையாடினா போதும், பின்னாடி நேர்கோட்டுப் பாடத்துல கோடு அச்சை எங்க வெட்டுதுன்னு கேக்கும்போது அந்த ரெண்டு நிமிஷம் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளையாட்டு சிங்கப்பூரையே போர்டு மேல வெக்கறது. நில அளவைக்கு இங்க எஸ்விஒய்21னு ஒரு கோவார்டினேட் முறை இருக்கு, சிங்கப்பூர் நில ஆணையம் பயன்படுத்தறது, அதோட ஆதாரப் புள்ளி வடக்கு 1 பாகை (டிகிரி) 22 கலை (மினிட்), கிழக்கு 103 பாகை 50 கலை, தீவோட நடுப்பகுதியில. அந்த இடத்தை போர்டோட (0, 0)ன்னு வெச்சுக்குங்க. இப்ப பிள்ளைங்ககிட்ட கேளுங்க, பொங்கோல் எந்தக் கால்பகுதி? வடக்கு, கிழக்கு, ரெண்டும் கூட்டல், அதனால ஒன்னு. பாசிர் ரிஸ்ஸும் அங்கதான். உட்லண்ட்ஸ், சுவா சூ காங் ரெண்டாவது, துவாஸ், ஜூரோங் மூணாவது, பிடோக் நாலாவது. நம்ம லிட்டில் இந்தியாவும் நாலாவதுதான், நடுப்புள்ளியிலேர்ந்து கொஞ்சம் கிழக்கே, நல்லா தெற்கே. யீஷூன் எம்ஆர்டி கிட்டத்தட்ட ஒய் அச்சு மேலயே உக்காந்திருக்கு, அதைக் கேட்டதும் யீஷூன்ல இருக்கற ஒரு பொண்ணு முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. அவங்கவங்க வீடு எந்தக் கால்பகுதின்னு தெரிஞ்சுக்கிட்ட பிள்ளைக்கு அந்தக் குறி மறக்காது.

இதுல இன்னும் அழகான விஷயம், அப்படி நடுவுல (0, 0) வெச்சா துவாஸ்ல நிலம் அளக்கறவரு எப்பவும் கழித்தல் எண்ணோட மல்லுக்கட்டணும், குறி ஒன்னு விட்டுப்போனா இடமே மாறிடும். அதனால அந்த முறையில நடுப்புள்ளிக்கு 0, 0ன்னு பேரு வெக்கலை, கிழக்கு 28001.642 மீட்டர், வடக்கு 38744.572 மீட்டர்னு குடுத்துட்டாங்க, அதாவது ஆதிப்புள்ளியைத் தென்மேற்குல கடலுக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க, இப்ப தீவுல எந்த மூலைக்குப் போனாலும் ரெண்டு எண்ணும் கூட்டல்தான். இடம் நகரலை, எண்ணுதான் மாறிச்சு.

இந்த போர்டோட பின்பக்கம் அதைத்தான் செய்யுது, தயாரிச்சவங்க நினைச்சு செஞ்சாங்களான்னு தெரியல, ஆனா வேலை செய்யுது. முன்பக்கம் -10லேர்ந்து 10ன்னா 20 இடைவெளி, பின்பக்கம் 0லேர்ந்து 20ன்னாலும் அதே 20 இடைவெளி. முன்பக்கத்துல இருக்கற எந்தப் புள்ளிக்கும் ரெண்டு எண்ணுலயும் 10 கூட்டினா பின்பக்கத்துல அதே இடத்துல வந்து நிக்கும். நான் இதுக்குத் தமிழ் எழுத்தை எடுத்துக்குவேன். 'ட' எழுதறது ரொம்ப சுலபம், (-2, 3), (-2, -2), (3, -2), மூணு புள்ளி ரெண்டு கோடு. பத்து கூட்டினா (8, 13), (8, 8), (13, 8). திருப்பிப் பாத்தா அதே 'ட', அதே அளவு, ஒரு கழித்தல் குறி கூட இல்லாம. இங்லீஷ்லயே மேத்ஸ் படிக்கற பிள்ளைங்க, வாரத்துல கொஞ்ச நேரம்தான் தமிழ் எழுத்தைப் பாக்கறாங்க, அவங்க கிராஃப்ல ஒரு 'ட' வந்து நின்னதும் "டீச்சர், இது நம்ம டா லா!"ன்னு கத்துவாங்க, அந்த சத்தத்துக்காகவே செய்யலாம்.

'ப'வும் நல்லா வரும். (-3, 3), (-3, -2), (3, -2), (3, 3), வரிசையா இணைங்க. இப்ப ஒய் அச்சைக் கண்ணாடின்னு வெச்சு திருப்பினா எக்ஸ் எண்ணோட குறி மட்டும் மாறும், புள்ளிங்க இடம் மாத்திக்கும், ஆனா 'ப' 'ப'வாவே நிக்கும். எக்ஸ் அச்சுல திருப்பினா ஒய் குறி மாறி தலைகீழாயிடும். 'ட'வை ஒய் அச்சுல திருப்பினா 'ட' போயிடுது, கண்ணாடியில தெரியற 'ட' வருது. ஏன் 'ப' மாறலை, 'ட' மாறுதுன்னு பிள்ளையே யோசிக்க ஆரம்பிச்சா அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நம்ம பேசவே வேண்டாம். அந்த 'ப'வோட அடிக்கோடு எவ்ளோ நீளம்னும் கேளுங்க, -3லேர்ந்து 3 வரைக்கும். நிறைய பேரு 7ன்னு சொல்லுவாங்க, கோட்டை எண்ணிட்டாங்க. இடைவெளியை எண்ணணும், 6தான். இதையும் காந்தத்தை ஒவ்வொரு தாவலா நகத்தி எண்ண வெச்சா சரியாயிடும்.

நேர்கோட்டுக்கும் இந்த போர்டு அருமை. ஒய் = 2எக்ஸ் + 1 எடுத்துக்குங்க, எக்ஸ்க்கு -2, -1, 0, 1, 2 போட்டா ஒய் -3, -1, 1, 3, 5. அஞ்சு காந்தம் வெச்சா ஒரே வரிசையில நிக்கணும். -1 போடற இடத்துலதான் கணக்கு சறுக்கும், குறியை விட்டுட்டு 3ன்னு எழுதுவாங்க, அப்ப (-1, 3)ல ஒரு காந்தம் மட்டும் வரிசையை விட்டுத் தனியா மேல நிக்கும். நான் தப்புன்னு சொல்லத் தேவையே இல்ல, பிள்ளையே "இது என்னமோ சரியில்ல"ன்னு திரும்பப் போய்ப் போட்டுப் பாக்கும். சிவப்பு மையில தப்புன்னு அடிக்கறதுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம்! வலதுபக்கம் ஒன்னு போனா மேல ரெண்டு, திரும்ப ஒன்னு போனா திரும்ப ரெண்டுன்னு விரலால தொட்டுத் தொட்டுப் போனா சரிவுங்கற விஷயமும் ஃபார்முலா இல்லாமலே உள்ள போயிடுது.

போடறது ஒன்னு, படிக்கறது வேற ஒன்னு, ரெண்டையும் பழக்கணும். நான் ஒரு காந்தத்தை வெச்சுட்டு "இது எங்க இருக்கு, சொல்லு"ன்னு கேப்பேன். நல்லா புள்ளி போடற பிள்ளையே படிக்கும்போது தடுக்கும், ஏன்னா போடும்போது ஆதிப்புள்ளியிலேர்ந்து போறோம், படிக்கும்போது புள்ளியிலேர்ந்து அச்சுக்குத் திரும்பி வரணும், நேரா கீழ இறங்கி எக்ஸ் எண், நேரா பக்கத்துல போய் ஒய் எண். ரெண்டு பிள்ளைங்க இருக்கற வீட்டுல ரெண்டு போர்டு வாங்கினா ஒருத்தர் மறைச்சு வெச்சு எண்ணு மட்டும் சொல்ல, இன்னொருத்தர் போட்டு, கடைசியில ரெண்டு போர்டையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்கலாம். ஒரே போர்டை நடுவுல வெச்சு எதிரெதிரா உக்காந்தா வேலைக்கு ஆகாது, எதிர்ல இருக்கறவருக்கு எல்லாமே தலைகீழ்.

இப்ப குறை.

காந்தம் பெருசு. ஒரு செண்டிமீட்டர் அகலம் இருக்கு, கட்டமே 1.3தான், அதனால புள்ளி எந்த வெட்டுமேல இருக்குன்னு காந்தத்துக்கு அடியில மறைஞ்சு போகுது, கொஞ்சம் தள்ளி வெச்சாலும் சரியா வெச்ச மாதிரியே தெரியும். 2.5 மாதிரி நடு எண்ணு வெச்சா 2ஆ 3ஆன்னு சண்டையே வந்துடும். நடுவுல ஓட்டை போட்ட காந்தமா குடுத்திருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல. நான் வரிசையும் குறியும் பழகற வரைக்கும்தான் காந்தம், அப்புறம் மெல்லிசு முனை மார்க்கர்ல குட்டி பெருக்கல் குறி போடச் சொல்லிடுவேன், பரிட்சையிலயும் அதுதான் போடணும், கொழுத்த உருண்டைப் புள்ளி போட்டா அது எங்க இருக்குன்னு திருத்தறவங்களுக்கும் தெரியாது. கூட வர்ற மார்க்கர் முனை தடிமன், அதைத் தூர வெச்சுடுங்க. சிவப்பு மார்க்கர் ராத்திரி முழுக்க விட்டா காலையில லேசா கறை நிக்குது, ஈரத்துணியால துடைச்சா போயிடுது.

பெரிய குறை வேற. இந்த போர்டுல ஒரு கட்டம்னா எப்பவும் ஒன்னு. பரிட்சையில அப்படி வராது. அங்க 2 மில்லிமீட்டர் கிராஃப் பேப்பர், கேள்வியிலயே அளவுத்திட்டம் இருக்கும், அல்லது நம்மளே தேர்ந்தெடுக்கணும். 2 செண்டிமீட்டருக்குப் பத்து சின்னக் கட்டம். 2 செண்டிமீட்டர்னா 1 அலகுன்னா ஒரு சின்னக் கட்டம் 0.1. 2 செண்டிமீட்டர்னா 5 அலகுன்னா சின்னக் கட்டம் 0.5. 4 செண்டிமீட்டர்னா 1 அலகுன்னா 0.05. ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல இதைக் கண்டுபிடிச்சு காகிதத்து ஓரத்துல எழுதணும், அதுக்கு அப்புறம்தான் பென்சிலைப் புள்ளி போட எடுக்கணும். இந்த போர்டுல மட்டும் பழகின பிள்ளை இதை யோசிக்கவே யோசிக்காது. 2 செண்டிமீட்டருக்கு 5ன்னு குடுத்திருக்கும்போது 13 போடணும்னா 10க்குப் போய் அங்கேர்ந்து மூணு சின்னக் கட்டம் நகர்ந்து புள்ளி வெச்சுடும், அது 11.5. ஆறு கட்டம் போயிருக்கணும். இந்த மாதிரி ஒரு புள்ளி தப்பினா வளைகோடு அங்க ஒரு முட்டு முட்டி நிக்கும், அதுலேர்ந்து தொடுகோடு போட்டு சரிவு கண்டுபிடிச்சா அதுவும் தப்பு, தொடர்ந்து மார்க் போகும். செகண்டரி முடிவுல எழுதற ஓ லெவல் கணக்குல இந்த வளைகோடு, தொடுகோடு எல்லாம் உண்டு, 2027லேர்ந்து அந்தப் பரிட்சைக்கு எஸ்இசின்னு பேரு மாறினாலும் கையால கிராஃப் போடற பழக்கத்துக்கு மாற்று இல்ல. ஃபிசிக்ஸ் பிராக்டிகல்லயும் இதே கதைதான்.

அதனால என் யோசனை, கோவார்டினேட் பாடம் தொடங்கற சமயத்துல போர்டு, நட-ஏறு வரிசையும் குறியும் கைக்கு வந்ததும் போர்டைக் குறைச்சு கிராஃப் பேட். கிராஃப் பேட் பாப்புலர்ல கிடைக்குது, பக்கத்துப் புத்தகக் கடையிலயும் கிடைக்கும், விலை சில வெள்ளிதான், அதுல தினமும் ஒரே ஒரு அட்டவணை, ஒவ்வொரு நாளும் வேற அளவுத்திட்டம். செக் த்ரீ செக் ஃபோர் பிள்ளைக்கு இந்த போர்டு வாங்கவே வேண்டாம், காசு வீண், அவங்களுக்கு வேண்டியது நல்ல பென்சிலும் 30 செண்டிமீட்டர் ரூலரும் வளைகோட்டை மெதுவா ஒரே இழுப்புல போடற பழக்கமும்.

"டெஸ்மோஸ், ஜியோஜிப்ரா எல்லாம் இலவசமா இருக்கே, போர்டு எதுக்கு?"ன்னு ஒரு அப்பா கேட்டாரு. நல்ல கேள்வி. ரெண்டும் அருமையான கருவி, ஜியோஜிப்ராவை மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல படிக்கும்போது தொடங்கினாரு, டெஸ்மோஸ் 2011லேர்ந்து இருக்கு, "ஒய் = எம்எக்ஸ் + சி"ங்கற சமன்பாட்டுல எம்மை மாத்தினா கோடு எப்படித் திரும்புதுன்னு பாக்க அதை மாதிரி ஒன்னு இல்ல, பிள்ளைங்ககிட்ட பள்ளிக்கூடக் கருவியும் இருக்கு, தாராளமா பயன்படுத்துங்க. ஆனா புள்ளி போடக் கத்துக்கற அந்த முதல் சில வாரத்துக்கு அது ஆகாது. (3, 5)ன்னு தட்டினா அதுவே போய் சரியான இடத்துல உக்காந்துடும், பிள்ளை எண்ணவும் இல்ல, நகரவும் இல்ல, எந்தப் பக்கம்னு முடிவெடுக்கவும் இல்ல. நமக்கு வேண்டியது அந்த முடிவுதான். கோடு, வளைகோடுன்னு வந்ததும் திரைக்குப் போகலாம்.

18.90 வெள்ளிக்கு என் கணக்குல நியாயமான விலை, அஞ்சுக்கு நாலு நட்சத்திரம் தாராளமா குடுப்பேன். ஒரு நட்சத்திரம் காந்தத்துக்காகவும் அளவுத்திட்டம் இல்லாததுக்காகவும் குறையுது. தயாரிக்கறவங்க காதுல விழுந்தா ஒன்னே ஒன்னு சொல்லுவேன், முன்பக்கத்தைத் தொடாதீங்க, அது அப்படியே இருக்கட்டும், பின்பக்கத்துல மட்டும் எண்ணே அச்சடிக்காம கோடு மட்டும் போட்டு விடுங்க, ஒவ்வொரு அஞ்சாவது கோட்டையும் கொஞ்சம் தடிமனா. 0லேர்ந்து 20 வேணும்னா பிள்ளையே எழுதிக்கும், நாளைக்கு ஒரு கட்டத்துக்கு 5ன்னு எழுதிக்கும், அதுக்கு அடுத்த நாள் 0.2ன்னு எழுதிக்கும். அப்படி ஒன்னு வந்தா நான் பாடம் எடுக்கற ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கச் சொல்லுவேன், அஞ்சு நட்சத்திரமும் போடுவேன்.